பூச்சி போன குளம்

ரங்கூனின் தாக்கேத்தாவில் எனக்கு ஒரு சின்னக் கடை. வண்ணமீன், கண்ணாடித் தொட்டி, கூழாங்கல், மீன் தீனி. கடை மூடிய பிறகு அதே பலகையில் பிள்ளைகளுக்கு விலங்கியல் டியூஷன். இந்த இரண்டு பிழைப்பும் சந்திக்கிற இடம் மொய்னா. கடுகில் பாதி இருக்கும் நன்னீர்ப் பூச்சி. பூச்சி என்பது வாய்வழக்கு. இறால், நண்டு வகையறாவின் சின்னஞ்சிறு பங்காளி அது. மீன்குஞ்சு வளர்ப்பவர்கள் உயிர்த்தீனி என்று கேட்டு வாங்கிப் போவார்கள்.

தொட்டியில் வளர்க்கும் மொய்னா சொல்லாமல் கொள்ளாமல் படுத்துவிடும். நேற்றுவரை செங்கல் தூள் கரைத்தமாதிரி கலகலவென்று இருந்த தொட்டி, இன்று காலையில் வெறும் தண்ணீராக நிற்கும். அப்போது புது வித்து வேண்டும். அதற்காக ஒவ்வொரு பங்குனியிலும் பன்சொடான் துறையில் படகேறி, டல்லாவில் இறங்கி, துவாந்தே தாண்டி என் அத்தை இருக்கும் ஊருக்குப் போவேன். அங்கே தமிழர் தெருக் குளத்தில் விடிகாலையில் நாலு முறை வலை வீசினால் ஒரு வருஷத்துக்கு வித்து கிடைக்கும். கிடைத்துக்கொண்டிருந்தது. 2019 மார்ச்சில் போனபோது வலையில் பச்சைக் குழம்பைத் தவிர ஒன்றும் விழவில்லை.

இந்த எழுத்து அந்தக் குளத்துக்கு என்ன ஆனது என்பதைப் பற்றியது. ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: இதில் எனக்குச் சொந்த லாபம் உண்டு. ஊர்க்காரர்கள் அதை என் முகத்துக்கு நேராகவே சொன்னார்கள்.

குளமும் அதன் கட்டுப்பாடும்

ஐராவதிக் கழிமுகத்தில் கோடைக்குக் குடிதண்ணீர் என்றால் மழைத்தண்ணீர்தான். மே கடைசியில் பிடித்து அக்டோபர்வரை கொட்டுவதைக் குளத்தில் தேக்கி, அடுத்த மே வரைக்கும் குடம் குடமாகச் செலவழிக்க வேண்டும். அத்தை ஊரில் எங்கே தோண்டினாலும் உப்பு. சித்திரையில் டல்லாப் பக்கம் வரிசையில் நிற்கும் பிளாஸ்டிக் வாளிகளைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அதனால் குடிநீர்க் குளத்துக்குக் கோயில் மாதிரி கட்டுப்பாடு. சுற்றிலும் வேலி. மாடு, வாத்து வரக்கூடாது. சோப்பு கூடாது. தண்ணீரில் கால் வைக்கக்கூடாது. மரப்பலகைத் துறையில் நின்று குனிந்து மொள்ள வேண்டும். அந்த ஊரில் இப்படி இரண்டு குளம். ஒன்று தமிழர் தெருவுக்கு, இன்னொன்று பர்மியத் தெருவுக்கு. நடுவில் ஒரு வயல்தான். ஒரே மழை, ஒரே களிமண். இந்த இரண்டாவது குளம் இல்லாவிட்டால் நான் இதை எழுதவே துணிந்திருக்க மாட்டேன்.

மீன் வந்த கதை

2018 தீமிதிக்கு ரங்கூனிலிருந்து விருந்தாளிகள் வந்திருந்தார்கள். அதில் ஒருவர் டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, குடிக்காமல் திண்ணையில் வைத்துவிட்டாராம். தண்ணீரில் என்னவோ துள்ளுகிறது என்று கேட்டாராம். குளக் கமிட்டித் தலைவருக்கு அது மானப் பிரச்சினை ஆகிவிட்டது. எனக்கு அவர் பெரியப்பா முறை. நல்ல மனிதர், ஆனால் ரோஷக்காரர். பூச்சியைத் தின்ன மீன் விட்டால் போதும் என்று யாரோ யோசனை சொல்ல, அந்த ஆடி மழையில் மூன்று பீப்பாய் மீன்குஞ்சு வாங்கி விட்டார்கள். ரோகுவும் திலாப்பியாவும் கலந்து. பிள்ளைகள் பள்ளி விட்டு வந்து தவிடும் பழைய சோறும் வீசி மீனை வளர்த்தார்கள். பொழுது போயிற்று, மீனும் கொழுத்தது.

கார்த்திகை வரைக்கும் எல்லாருக்கும் சந்தோஷம். பூச்சி போயே போய்விட்டது. தையில் தண்ணீர் லேசாகப் பச்சை கட்டியது. மாசியில் குடத்து வாயில் கட்டும் துணி வழவழத்து அடைத்துக்கொண்டது. எப்போதும்போல் படிகாரம் சுற்றினால் அடியில் ஒரு விரல் உயரத்துக்குப் பச்சை வண்டல் தங்கியது, தண்ணீர் துவர்த்தது. பங்குனியில் காலை நேரத்தில் குளத்தின் ஒரு மூலையில் பெயிண்ட் கொட்டியமாதிரி ஏடு படிந்து, அழுகிய புல்வாடை வீசியது. நான் வலையோடு போய் நின்றது அந்த நேரத்தில்தான்.

பூதக்கண்ணாடிக்குக் கீழே

என் வலை கடையில் விற்பதல்ல. பனியனில் படம் அச்சடிக்கும் ஸ்கிரீன் துணியைக் கம்பி வளையத்தில் தைத்து, நுனியில் மாத்திரை டப்பா கட்டியது. டியூஷனுக்கு வைத்திருக்கும் பழைய மைக்ராஸ்கோப்பையும் அடுத்த நடையில் தூக்கிக்கொண்டு போனேன். இரண்டு குளத்திலும் ஒரே நாளில், ஒரே நேரத்தில், பத்துப் பத்து வாளி தண்ணீரை வலையில் வடிகட்டினேன்.

பர்மியத் தெருக் குளத்து டப்பாவைச் சூரியனுக்கு எதிரே பிடித்தபோது கண்ணுக்கே தெரிந்தது. மொய்னா தத்தித் தத்தி மேலே ஏறி, ஒரு நொடி ஓய்ந்து கீழே இறங்கி, மறுபடி தத்தும். லென்ஸில் பார்த்தால் கண்ணாடிச் சட்டைக்குள் இதயம் படபடப்பது தெரியும். முதுகுப் பையில் குஞ்சுகள். முற்றிய குஞ்சுக்குக் கருப்புக் கண்புள்ளி வந்திருக்கும். ஆண் வேண்டியதில்லை, தாய் தானே பெண் குஞ்சாகப் பெற்றுத் தள்ளும். நம் ஊர்ச் சூட்டில் பிறந்த குஞ்சு நாலைந்து நாளில் தாயாகிவிடும். கூடவே டயஃபனோசோமா, இரண்டு பக்கமும் துடுப்புமாதிரி நீண்ட கொம்போடு. இரட்டை முட்டைப்பை தொங்கும் சைக்ளாப்ஸ். அடிமண்ணைக் கலக்கியபோது பயறு வடிவில் இரண்டு ஓட்டுக்குள் ஒளிந்துகொள்ளும் ஆஸ்ட்ரகாட்.

ஆஸ்ட்ரகாட் என்றதும் ஒன்று சொல்லாமல் நகர மனமில்லை. கச்சின் மாநிலத்தில் கிடைத்த ஒரே ஒரு அம்பர் (கல்லாகிப்போன மரப்பிசின்) துண்டுக்குள் 39 ஆஸ்ட்ரகாட்கள் அகப்பட்டிருந்தன. அதில் புதிய இனம் ஒன்றுக்கு மியான்மார்சிப்ரிஸ் ஹுய் என்று பெயர் வைத்து 2020-இல் வெளியிட்டார்கள். பெண் ஒன்றின் உடலுக்குள் விந்தணு அப்படியே இருந்தது. பத்துக் கோடி ஆண்டுப் பழமை. விலங்கு விந்தணுவில் இதுவரை கிடைத்ததிலேயே மூத்தது. இந்த மண்ணில் இந்தப் பூச்சிகளின் குடியிருப்பு நம் எல்லாரையும்விடப் பழையது.

தமிழர் தெருக் குளத்து டப்பாவில் மொய்னா ஒன்றுகூட இல்லை. ரோட்டிஃபர்கள் என்ற பொடி உயிர்கள், சைக்ளாப்ஸின் பால்குடிப் பருவமான நாப்ளியஸ்கள், இவைதான். கண்ணுக்குத் தெரிகிற அளவில் எதுவும் மிஞ்சவில்லை. மீதி இடமெல்லாம் நீலப்பச்சைப்பாசி உருண்டைகள், கொழகொழவென்ற கூட்டில்.

தெளிவை அளக்க அத்தை வீட்டு வெள்ளை எனாமல் தட்டில் துளையிட்டுக் கயிறு கட்டினேன். இந்த வித்தை செக்கி என்ற இத்தாலியப் பாதிரியாருடையது. 1865-இல் போப்பின் கப்பலிலிருந்து மத்தியதரைக் கடலில் வெள்ளைத் தட்டை இறக்கிப் பார்த்தவர் அவர். பர்மியத் தெருக் குளத்தில் தட்டு என் இடுப்பளவு கயிறு போனபிறகுதான் மறைந்தது. தமிழர் தெருக் குளத்தில் ஒரு சாண் போனதும் காணோம்.

ஏன் அப்படி

மொய்னாவின் கால்கள் நடப்பதற்கல்ல. ஓட்டுக்குள் ஓயாமல் அடித்துக்கொண்டு தண்ணீரை உள்ளே இழுத்து, அதிலுள்ள பாசியையும் பாக்டீரியாவையும் சல்லடையில் பிடித்து வாய்க்கு அனுப்பும். ஒன்று செய்வது சொட்டுக் கணக்கு. குளம் முழுக்க லட்சக்கணக்கில் இருந்தால் பாசி தலைதூக்குவதற்குள் மேய்ந்துவிடும். மீன்குஞ்சுக்கோ கண்ணில் படுவதுதான் இரை. பெரியதாக, துள்ளலாகத் தெரிவதைத்தான் முதலில் கொத்தும். பெரியவை போனதும் சிறியவை மிஞ்சும். சிறியவைக்கு அந்த அளவு மேயத் திராணி கிடையாது.

இது புதுக் கண்டுபிடிப்பு இல்லை. செக் நாட்டில் ஹர்பாசெக் என்ற ஆய்வாளர் 1960-களின் தொடக்கத்திலேயே மீன் உள்ள குட்டையையும் இல்லாத குட்டையையும் ஒப்பிட்டு இதைச் சொல்லியிருந்தார். 1965-இல் புரூக்ஸ், டாட்சன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் கனெக்டிகட் மாநிலத்து கிறிஸ்டல் ஏரியின் கதையை வெளியிட்டார்கள். அங்கே 1942-இல் எடுத்த பழைய மாதிரிகள் இருந்தன. அதற்குப் பிறகு மத்திக் குடும்பத்து மீன் ஒன்று ஏரிக்கு வந்துசேர்ந்தது. 1964-இல் மறுபடி வலை வீசினால் பெரிய ஓட்டுடலிகள் (மொய்னா, சைக்ளாப்ஸ் வகையறா) மறைந்து, பொடிகள் மட்டும் இருந்தன. எங்கள் ஊர் டப்பாக்கள் இரண்டும் அதே படத்தின் சின்னப் பிரதிகள்.

ஆனால் ஐரோப்பா, அமெரிக்கக் கதையை அப்படியே கழிமுகத்துக்குப் பெயர்த்துவிட முடியாது. அங்கே மேய்ச்சல் நடத்துவது மொய்னாவின் பருமனான உறவு டாஃப்னியா. வெப்பநாட்டுத் தாழ்நிலத்தில் அது அருமை. மொய்னா, டயஃபனோசோமா போன்ற சிறியவைதான் நம் கூலிகள். நீலப்பச்சைப்பாசி கூடு கட்டி உருண்டுவிட்டால் அவற்றின் வாய்க்கு அது அடங்காது. மேய்ச்சல் பலிப்பது பாசி பொடியாக இருக்கும்போதுதான். எங்கள் குளத்தில் அந்தக் கட்டம் நான் வலையோடு போவதற்கு முன்பே கடந்துவிட்டிருந்தது.

தவிட்டையும் சோற்றையும் மறந்துவிடக் கூடாது. அதெல்லாம் மீன் வயிற்றின் வழியாகப் பாசிக்கு உரமாகத்தான் போனது. பாசி மேயும் பூச்சியை மீன் தின்றது எவ்வளவு, தவிடு உரம் போட்டது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல இந்த இரண்டு குளம் போதாது. பர்மியத் தெருக் குளத்தில் மீனும் இல்லை, தவிடும் இல்லை. இரண்டும் சேர்ந்துதான் வந்தன, இரண்டையும் சேர்த்துத்தான் நிறுத்த வேண்டும் என்பது என் முடிவு.

கமிட்டியில்

ஏப்ரலில், திஞ்சான் தண்ணீர்த் திருவிழாவுக்கு முன்னால், கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். இரண்டு கண்ணாடி டம்ளரில் இரண்டு குளத்துத் தண்ணீரை வைத்துப் பேசினேன். பெரியப்பா பொறுமையாகக் கேட்டார். பிறகு கேட்டார்:

“ஏம்ப்பா, உன் கடைக்குப் பூச்சி வேணும்ங்கிறதுக்காக எங்க மீனை எடுக்கச் சொல்றியா?”

மண்டபம் சிரித்தது. ஆமாம் பெரியப்பா, எனக்கும் பூச்சி வேண்டும், உங்களுக்கும் வேண்டும் என்றேன். எனக்கு அது நல்ல பதிலாகத் தோன்றியது. அவர்களுக்கு அப்படித் தோன்றவில்லை. திலாப்பியா பாசியைத் தின்னுமே என்று இன்னொருவர் மடக்கினார். நியாயமான கேள்விதான். பெரிய திலாப்பியா பாசியையும் வடிகட்டித் தின்னும். ஆனால் குஞ்சுக்குப் பூச்சிதான் ருசி. தின்ற பாசியில் ஒரு பங்கு செரிக்காமல் உயிரோடு வெளியே வரும், சத்தும் தண்ணீருக்கே திரும்பும். வருஷம் முழுக்கக் குஞ்சு பொரிக்கும் மீன் என்பதால் குளத்தில் குஞ்சுக்குப் பஞ்சமே இருக்காது.

உண்மையான தடை வேறு இடத்தில் இருந்தது. ஒரு பாட்டி எழுந்து, “அந்தப் பூச்சியைக் குடிச்சா நரம்புச்சிலந்தி வரும்னு எங்கம்மா சொல்லுவா” என்றார். அம்மா ராமநாதபுரத்திலிருந்து கப்பலில் கொண்டுவந்த பயம். பயத்துக்குக் காரணமும் இருந்தது. நரம்புச்சிலந்திப் புழுவின் குஞ்சு சைக்ளாப்ஸின் உடலுக்குள்தான் வளரும். அந்தத் தண்ணீரைக் குடித்தவருக்கு ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்துக் காலில் கொப்புளம் கிளம்பி, நூல்போலப் புழு வெளியே வரும். குச்சியில் சுற்றிச் சுற்றி இழுப்பார்கள். இந்தியாவில் கடைசி நோயாளி 1996-இல். 2000-இல் உலக சுகாதார நிறுவனம் அந்த நாட்டை விடுபட்டதாக அறிவித்தது. புழு இல்லாத இடத்தில் சைக்ளாப்ஸ் அதைத் தானாக உண்டாக்காது. பாட்டி தலையாட்டினார். நம்பினாரா என்று கேட்டால், இல்லை.

நான் இன்னொன்றையும் சொன்னேன், அதுதான் எடுபட்டது. நீலப்பச்சைப்பாசியில் சில வகை நஞ்சு கக்கும். கல்லீரலைத் தாக்கும் அந்த நஞ்சு கொதிக்கவைத்தாலும் போகாது. பூச்சித் தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் காய்ச்சிக் குடிக்கலாம். பச்சைத் தண்ணீருக்கு அடுப்பு உதவாது. கைக்குழந்தை வைத்திருந்த பெண்கள் பெரியப்பாவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

கசோன் பௌர்ணமி

மீனைப் பிடிக்கச் சம்மதம் கிடைத்தது, கொல்லக் கிடைக்கவில்லை. குளத்து மீனைக் குழம்பு வைத்தால் ஊருக்கு ஆகாது என்றார்கள். நல்லவேளையாக இந்த நாட்டில் அதற்கும் வழியிருக்கிறது. கசோன் என்ற பர்மிய மாதத்துப் பௌர்ணமியில் அரசமரத்துக்கு நீர் ஊற்றுவதும், மீனை ஆற்றில் விட்டுப் புண்ணியம் தேடுவதும் பர்மிய வழக்கம். 2019-இல் அது மே 18. குளம் வற்றி அடியில் கிடக்கும் காலம். வலை இழுக்கத் தோது. இரண்டு தெருவும் சேர்ந்து இழுத்தது. மீனைப் பீப்பாயில் ஏற்றி, மேளத்தோடு கொண்டுபோய்த் துவாந்தே கால்வாயில் விட்டார்கள். திலாப்பியா அந்நிய மீன், ஆற்றில் விடுவது எனக்கு உவப்பில்லை. கால்வாயில் அது ஏற்கெனவே நிறைந்து கிடந்தது என்று மனத்தைச் சமாதானம் செய்துகொண்டேன்.

பூச்சி எங்கிருந்து திரும்பும் என்று பெரியப்பா கேட்டார். பர்மியக் குளத்திலிருந்து ஒரு வாளி கொண்டுவரலாம்தான். ஆனால் தேவைப்படாது என்று நினைத்தேன். நெருக்கடி வந்தால் மொய்னா திடீரென ஆண்களைப் பெறும். கூடிய பிறகு பெண்ணின் முதுகோடு கெட்டியாகி, சேணம்போல் ஒரு பழுப்பு உறை உருவாகும். அதற்குள் ஒன்றோ இரண்டோ முட்டை. தோல் உரிக்கும்போது உறை கழன்று சேற்றில் தங்கும். வெயிலில் காய்ந்தாலும் சாகாது. நார்வேயில் சார்ஸ் என்ற அறிஞர், தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த காய்ந்த சேற்றைத் தண்ணீரில் போட்டே அந்த நாட்டு ஓட்டுடலிகளைப் பொரிக்கவைத்து 1895-இல் எழுதினார். நானும் குளக்கரையில் வெடித்துக் கிடந்த சேற்றை இரண்டு கை அள்ளிக் கடைக்குக் கொண்டுவந்தேன். சோற்றுத் தட்டில் பரப்பி, மழைத்தண்ணீர் ஊற்றி ஜன்னலோரம் வைத்தேன். நாலாம் நாள் காலையில் ஏழு மொய்னா. கைத்தொலைபேசியில் படமெடுத்துப் பெரியப்பாவுக்கு அனுப்பினேன். “சரிப்பா” என்று மட்டும் பதில் வந்தது.

அதற்குப் பிறகு

2020 பிப்ரவரி கடைசியில் எனாமல் தட்டு முக்கால் முழம் வரைக்கும் தெரிந்தது. முந்தைய வருஷத்துச் சாணைவிட எவ்வளவோ மேல். பர்மியக் குளத்தின் இடுப்பளவுக்கு இன்னும் தூரம். வலையில் மொய்னா விழுந்தது, பழைய அடர்த்தி இல்லை. கூடவே ஒரு விரல் நீளத் திலாப்பியாக் குஞ்சுகளும். தாய் வாயில் முட்டையை அடைகாக்கும் மீன். வலைக்குத் தப்பிய நாலு தாய் போதும் மறுபடி தொடங்க. வருஷா வருஷம் மே மாதம் வலை இழுக்க வேண்டும் என்று கமிட்டி நோட்டில் எழுதிக்கொண்டார்கள். தவிடு போடுவதற்குத் தடை. மார்ச் 23-இல் நாட்டில் முதல் கொரோனா நோயாளிகள் அறிவிக்கப்பட்டார்கள், படகுப் பயணமும் என் அளவெடுப்பும் அத்தோடு நின்றன. ஒரு வருஷத்து அளவை வைத்துக் குளம் தேறிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன்.

வீட்டுக்குள் இந்தப் பூச்சிகளை என்ன செய்வது என்ற கேள்வி மிச்சம். குடிக்கும் தண்ணீரிலிருந்து எடுத்துவிடுவதே சரி. காலரா கிருமி கோபிபாட் எனப்படும் சைக்ளாப்ஸ் கூட்டத்தின் உடலில் ஒட்டிக்கொண்டு திரியும். வங்கதேசத்துக் கிராமங்களில் பழஞ்சேலையை நாலாக மடித்து வடிகட்டிய வீடுகளில் காலரா 48 சதவீதம் குறைந்ததாக ரீட்டா கால்வெல் என்ற ஆய்வாளரின் குழு 2003-இல் எழுதியது. சேலை பழசாக இருப்பது முக்கியம். துவைத்துத் துவைத்து நூல் பிரிந்து கண் அடைபட்டிருக்கும். வடிகட்டிய பிறகு காய்ச்சவும் வேண்டும்.

புழங்கும் தண்ணீர் ஜாடி வேறு கணக்கு. டெங்கு ரங்கூனில் பெருவாரியாகப் பரவியது 1970-இல். அதைப் பரப்பும் கொசு வீட்டு ஜாடியிலும் டிரம்மிலும்தான் முட்டையிடுகிறது. சைக்ளாப்ஸ் இனத்து மீசோசைக்ளாப்ஸ் அந்தக் கொசுவின் அப்போதுதான் பொரித்த புழுவைப் பிடித்துத் தின்னும். வியட்நாமில் ஊர்மக்களே அதை ஜாடிகளில் விட்டுவந்தார்கள். 2005-இல் வந்த அறிக்கையின்படி 37 கம்யூன்களில் (ஊராட்சிகளில்) 32-இல் ஏடிஸ் எஜிப்தி என்ற அந்த டெங்குக் கொசுவே இல்லாமல் போனது. ரங்கூனில் தும்பிப் புழுக்களை ஜாடியில் விட்டு நடத்திய சோதனையும் பலித்ததாக 1990-இல் எழுதியிருக்கிறார்கள். தும்பி பறந்துவிடும். சைக்ளாப்ஸ் ஜாடியைக் கழுவிக் கவிழ்க்கும்வரை இருக்கும்.

அந்த பிப்ரவரி நடையில் அத்தை துவாந்தேப் பானையின் வாயில் சேலையை நாலாக மடித்துக் கட்டி, இரண்டு குடம் ஊற்றினார். துணியில் தங்கியதைக் குடிக்கிற பக்கம் படாமல் பக்குவமாகச் சேர்த்துப் பிடித்து, ஒரு கிண்ணத் தண்ணீரில் உதறினார். கிண்ணத்துக்குள் பத்திருபது மொய்னா தத்தின.

“இந்தா, உன் சரக்கு. படகுக்கு நேரமாச்சு பாரு,” என்றார்.